பாறைக்கு அப்பால் ரிப்பன் இல்லை

15 டிசம்பர், திங்கள்

இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். கல்லூரியில் என்னைவிட இளையவன் ஒருவனைத் துறைத்தலைவர் நாற்காலியில் உட்கார வைத்தபோது பேசாமல் இருந்தேன். ஓட்டக் குழுவின் ஆண்டுவிழாப் படத்தில் என் பாதி முகத்தை வெட்டிப் போட்டபோதும் பேசவில்லை. நேற்று நடந்ததற்குப் பிறகும் பேசாமல் இருந்தால் நான் மனிதனே இல்லை. முதலில் இங்கே எழுதி வைக்கிறேன். யாருக்குக் காட்டுவது என்று அப்புறம் பார்க்கலாம்.

நேற்று கல்வராயன் மலையில் எங்கள் குழு நடத்திய ஐம்பது கிலோமீட்டர் காட்டோட்டம். தார் ரோடு கிடையாது. ஒற்றையடிப் பாதை, ஓடை, மரவள்ளிக் காடு, மறுபடியும் ஏற்றம். வழி தெரிவதற்காக மரங்களில் ஆரஞ்சு ரிப்பன் கட்டியிருப்பார்கள். கடைசியாக ஓடுபவருக்குப் பின்னால் ஒருவர் நடந்து வந்து அந்த ரிப்பன்களை அவிழ்த்து எடுத்துவிடுவார். காட்டில் ஒரு துண்டைக்கூட விட்டுவரக் கூடாது என்பது அனுமதி கொடுக்கும்போது வனத்துறை போட்ட நிபந்தனை. அப்படி வருபவருக்கு எங்கள் குழுவில் 'வால்' என்று பெயர். வாலுக்கு ஒரே ஒரு விதிதான். எல்லோரும் அவருக்கு முன்னால் இருக்க வேண்டும்; பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது.

நான் பின்னால் விடப்பட்டேன்.

மூன்றாவது தண்ணீர்ப் பந்தலைத் தாண்டி ஒரு பெரிய பாறை இருக்கிறது. அதன் மறைவில் உட்கார்ந்து ஷூவுக்குள் போன கல்லை எடுத்தேன். சில நிமிடம்தான். எழுந்து வந்து பார்த்தால் பாதையில் ஒரு ரிப்பன்கூட இல்லை. பாதை மூன்றாகப் பிரிந்த இடத்தில் தவறானதில் இறங்கி, ஓடைக்குள் மாட்டி, வழுக்கி, தொப்பியைத் தொலைத்து, சாயங்காலம் எப்படியோ தார் ரோட்டைப் பிடித்தேன். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவந்த மினி லாரியில் ஆத்தூர். அங்கிருந்து பஸ்ஸில் சேலம். கைபேசியில் சார்ஜ் இல்லை. முடிவுக் கோட்டுக்குப் போய் யாரிடமும் சொல்லவில்லை. என்னைத் தொலைத்தவர்களுக்கு நான் எதற்குத் தகவல் சொல்ல வேண்டும்?

நேற்றைய வால் யார்? சென்னியப்பன். எவர்சில்வர் பாத்திரக் கடை முதலாளி, குழுவை ஆரம்பித்தவர், அன்றிலிருந்து அதன் தலைவர். வாலாக வர வேண்டியது வேறு ஒருவர். முதல் நாள் மாற்றியிருக்கிறார்கள். மேடையில் நின்று மெடல் போட வேண்டிய தலைவர் எதற்காகக் கடைசியில் நடந்து வருகிறார்? யோசித்தால் விடை ஒன்றுதான்.

வலது கால் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. மனைவி வசுமதி வெந்நீரில் கல்லுப்புப் போட்டு வைத்தாள். என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்காததுதான் உறுத்துகிறது.

16 டிசம்பர், செவ்வாய்

சென்னியப்பனிடமிருந்து மூன்று அழைப்பு. எடுக்கவில்லை. மடியில் கனம் இல்லாதவன் இத்தனை தடவை கூப்பிட மாட்டான்.

17 டிசம்பர், புதன்

கல்லூரிக்குப் போனேன். மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்க வேண்டியிருந்தது. துறைத்தலைவர், அதாவது அந்த இளையவன், "என்ன சார், வயசாகுதா?" என்றான். சிரித்துவைத்தேன்.

சாயங்காலம் சுபத்ரா கூப்பிட்டார். பல் டாக்டர், போட்டியன்று முதலுதவிப் பந்தலைப் பார்த்துக்கொண்டவர். கால் எப்படி இருக்கிறது என்று ஆரம்பித்து, மெதுவாக விஷயத்துக்கு வந்தார். ரிப்பனை அவிழ்த்தது தன் தவறு என்றும் ஆள் முன்னால் போய்விட்டதாக நினைத்துவிட்டேன் என்றும் சென்னியப்பன் எல்லோரிடமும் ஒப்புக்கொண்டாராம்.

இதுதான் எனக்குப் புரியவில்லை. அவர் எதையும் எளிதில் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. பாத்திரத்தில் ஒடுக்கு விழுந்திருந்தால் அது டிசைன் என்பார். அப்படிப்பட்டவர் மூன்றே நாளில் தவறு தன்னுடையது என்கிறார் என்றால், இதற்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது.

அவர் என் சாட்சி என்பதையும் எழுத வேண்டும். ஜனவரி முதல் ஞாயிறு எங்கள் குழு ஏற்காடு அடிவாரத்தில் ஓடி முடித்து டீக்கடையில் நிற்கும். ஒவ்வொருவரும் அந்த வருட இலக்கைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். உடனே வேறு ஒருவர் டீ டம்ளரைத் தூக்கி "நான் சாட்சி" என்று சொல்ல வேண்டும். இலக்கு நிறைவேறுகிற அன்று சாட்சி அங்கே இருக்க வேண்டும். யாரும் டம்ளர் தூக்காவிட்டால் அந்த இலக்கு செல்லாது. இந்த வருடம் நான் மூன்று இலக்கு சொன்னேன். ஒருவரும் தூக்கவில்லை. எல்லோரும் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசி வைத்துக்கொண்டு செய்ததுதான், எனக்குத் தெரியும். பிறகு சென்னியப்பன் தன் டம்ளரைத் தூக்கி, "நம்ம வாத்தியாருக்கு நான் சாட்சி" என்றார்.

நான் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவன். அவருக்கு நான் வாத்தியார்.

சாட்சி என்றால் முடிவுக் கோட்டில் நிற்க வேண்டும். என் முதுகுக்குப் பின்னால் அவருக்கு என்ன வேலை?

19 டிசம்பர், வெள்ளி

இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டே வசுமதி கேட்டாள்: "விசில் சத்தம் கேக்கலீங்களா உங்களுக்கு?"

என்ன விசில் என்றேன்.

"சென்னியப்பண்ணன் விசில் ஊதிக்கிட்டே வந்தாராமே. உங்க பேரச் சொல்லிக் கூப்புட்டாராமே."

உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். மிக்சியை ஓடவிட்டாள்.

நினைவுபடுத்திப் பார்த்தேன். ஏதோ ஒரு விசில் கேட்டது. காட்டில் பறவைகூட விசில் அடிக்கும். யாரோ கூப்பிட்ட மாதிரியும் இருந்தது. ஆனால் அவர் கூப்பிட்டது என் பெயரை அல்ல. "வாத்தியாரே" என்றுதான் கூப்பிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்பது பொய். இந்தப் பொய்யை வசுமதிக்குச் சொன்னவர் யார், எப்போது சொன்னார்? என் வீட்டுக்குள்ளேயே எனக்குத் தெரியாமல் ஒரு பேச்சு ஓடுகிறது.

கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. பதிந்தாயிற்று.

21 டிசம்பர், ஞாயிறு

அறிவியல் படித்தவன் நான். சந்தேகத்தை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதில் பயனில்லை. கல்லூரி நண்பரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு காலை பஸ்ஸில் மலைக்குப் போனேன்.

மூன்றாவது பந்தல் இருந்த இடத்திலிருந்து நடந்தேன். பாறை வரையில் ரிப்பன் எதுவும் இல்லை. வால் எடுத்துப் போயிருக்கிறது, சரி. தொப்பியைத் தேடினேன், பாறைக்குப் பின்னாலும் பார்த்தேன். கடலை மிட்டாய்க் காகிதம் கிடந்தது, தொப்பி இல்லை.

பாறையைத் தாண்டி நாலு எட்டு வைத்தவன் நின்றுவிட்டேன். புங்க மரத்தில் ஆரஞ்சு ரிப்பன் ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த மரத்திலும் இருந்தது. அன்றைக்கு நான் நின்று தேடியபோது ஒன்றுகூட இல்லாத அதே பாதை. பாதை மூன்றாகப் பிரிகிற இடத்தில் சரியான வழிப் பக்கமாக ஒரே கிளையில் மூன்று ரிப்பன்.

போட்டிக்குக் கட்டும்போது தலை உயரத்தில், ஒரே மாதிரி முடிச்சுப் போடுவார்கள். நானே கட்டப் போயிருக்கிறேன். இவை இடுப்பு உயரத்தில், அவசரத்தில் சுற்றி இழுத்தவை. மேலே ஏற ஏற ரிப்பன் தீர்ந்து துணி ஆரம்பித்தது. எங்கள் குழு டி-ஷர்ட்டின் ஆரஞ்சுத் துணி. கையால் கிழித்த துண்டுகள். ஒன்றில் குழுப் பெயரின் பாதி எழுத்து இருந்தது.

விஷயம் புரிந்துவிட்டது. வனத்துறை அதிகாரி விசாரிக்க வந்தால் ரிப்பன் இருந்தது, இவர்தான் பார்க்கவில்லை என்று காட்டுவதற்காகப் பிறகு வந்து கட்டியிருக்கிறார்கள்.

ஆதாரத்தை அப்படியே விட்டுவர முடியாது. ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டே நடந்தேன். நாலாவது பந்தல் இருந்த ஊர் வரை நடக்க வேண்டியதாயிற்று. நல்ல ஏற்றம். இரண்டு இடத்தில் மூச்சு வாங்க நின்றேன்.

அந்த ஊர்ப் பெட்டிக்கடையில் சோடா குடித்தேன். கடைக்காரம்மாவிடம் போட்டியன்று என்ன நடந்தது என்று பட்டும் படாமலும் விசாரித்தேன். அவருக்கு என்னை யார் என்று தெரியாது.

"அந்தக் குண்டு அய்யாவக் கேக்கறீங்களா? பாவம், இங்க வந்து ஆள் இன்னும் வரலையான்னு கேட்டாரு. வரலைன்னதும் ரிப்பன் மூட்டைய இங்கயே போட்டுட்டு, கையில இருந்த கத்தையோட வந்த வழியே திரும்பி ஓடுனாரு. அப்பறம் இருட்டுற வரைக்கும் சட்டையில்லாம வாத்தியாரே வாத்தியாரேன்னு கத்திக்கிட்டுத் திரிஞ்சாரு. எங்கூருப் புள்ளைங்க இப்ப அதையே கத்தி வெளையாடுதுங்க."

இந்தம்மாவுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கலாம். ஆனால் சோடாவுக்கு மீதிச் சில்லறை கேட்காமலே கொடுத்தார். தெரியவில்லை.

கடைக்கு வெளியே குழந்தைகள் நிஜமாகவே கத்திக்கொண்டிருந்தன.

22 டிசம்பர், திங்கள்

உடம்பு வலி. பையைப் பீரோவுக்கு மேல் வைத்திருக்கிறேன்.

24 டிசம்பர், புதன்

வசுமதி பீரோவுக்கு மேல் ஒட்டடை அடித்திருக்கிறாள். பையைத் திறந்து ரிப்பன்களையும் துணியையும் கட்டில்மேல் பரப்பி வைத்துவிட்டு எனக்காக உட்கார்ந்திருந்தாள். இனி மறைத்துப் பயனில்லை. உன் அண்ணன் ஜோடித்த பொய்ச் சாட்சியம் இது என்றேன்.

அவள் கோபப்படவில்லை. அன்று நான் வீட்டுக்கு வந்து குளியலறைக்குள் போனதும் சுபத்ராவுக்குப் போன் போட்டது தான்தான் என்றாள். அதுவரை மலையில் டார்ச் வைத்துத் தேடிக்கொண்டிருந்தார்களாம். பிறகு ஒரு துணித் துண்டை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னாள்:

"அவர வாலா வரச் சொன்னதே நான்தாங்க. ட்ரெட்மில் டெஸ்ட்ல டாக்டர் என்ன சொன்னாருன்னு நீங்க யாருகிட்டயும் சொல்லல. நான் சொன்னேன். வீட்டுக்காரருக்குத் தெரியாம பின்னாடியே வாங்கண்ணா, எங்கயாவது உக்காந்துட்டா பாத்துக்குங்கன்னேன். தலைவரு வேலையெல்லாம் விட்டுட்டு வந்தாரு மனுசன்."

நவம்பரில் அந்த இதய டாக்டர் சொன்னது இதுதான்: இந்த வருடம் நீண்ட ஓட்டம் வேண்டாம், இன்னொரு சோதனை செய்து பார்க்கலாம். அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், சோதனை அவர்களுடைய மருத்துவமனையிலேயே இருக்கிறது.

ஆக, நான் சந்தேகப்பட்டது சரிதான். என் முதுகுக்குப் பின்னால் ஏற்பாடு நடந்திருக்கிறது. ஆள் மட்டும்தான் மாறிவிட்டது. என்னைத் தோற்கடிக்கத் திட்டம் போட்டிருந்தால்கூட அதில் ஒரு மரியாதை இருந்திருக்கும். நோயாளிக்குத் துணைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

சாப்பிடவில்லை.

25 டிசம்பர், வியாழன்

சாப்பிட்டேன். பேசவில்லை.

28 டிசம்பர், ஞாயிறு

வருடக் கணக்கைப் பார்த்துவிடலாம்.

முதல் இலக்கு, வாரத்தில் ஐந்து நாள் ஓடுவது. அக்டோபர் வரை ஒழுங்காக நடந்தது. விடியுமுன் சென்னியப்பன் வாசலில் வந்து ஹாரன் அடிப்பார். ஒரு நாள் தூங்கிவிட்டேன் என்று சொல்ல முடியாது. தெரு முழுக்க எழுந்துவிடும். என்னை எழுப்புவதைவிட தான் எழுந்துவிட்டதைக் காட்டுவதில்தான் அவருக்கு ஆர்வம் என்று நினைத்துக்கொள்வேன். நவம்பரில் நான் வரவில்லை என்று சொன்ன பிறகும் ஒரு வாரம் வந்து அடித்தார்.

இரண்டாவது, அரை மாரத்தானை இரண்டு மணி நேரத்துக்குள் முடிப்பது. சில நிமிட வித்தியாசத்தில் தவறிப்போனது. அதற்கும் அவர்தான் காரணம். என்னைவிட வேகமாக ஓடக்கூடியவர், முழு தூரமும் என் பக்கத்திலேயே ஓடினார். தன் கடைக்கு வந்த மாமியார் மருமகள் சண்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சுக் கலைந்துவிட்டது. முடிவுக் கோட்டில் "அடுத்த தடவ மாமியா கத வேண்டாம், சோகக் கதையாச் சொல்றேன்" என்றார்.

மூன்றாவது, ஐம்பது கிலோமீட்டர். பாறை வரைக்கும் ஒழுங்காகத்தான் வந்தேன். நான் கடைசியில் இருந்தேன் என்று யாராவது சொன்னால் அது என் உத்தி. முதல் பாதியில் அடக்கி ஓட வேண்டும். பந்தலில் தண்ணீர் ஊற்றியவர் என்னைப் பார்த்ததும் மேஜையை மடிக்க ஆரம்பித்தது மட்டும் உத்தியில் இல்லை.

ஏற்றத்தில் திரும்பிப் பார்த்தபோது கீழே வளைவில் ஆரஞ்சுச் சட்டை தெரிந்தது. கையில் ரிப்பன் கத்தை. நடை யாருடையது என்று தூரத்திலேயே தெரியும். வால் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஷூவில் கல் இருந்தது உண்மை. அதை அங்கேயே பாதையில் உட்கார்ந்தும் எடுத்திருக்கலாம்தான். ஆனால் என்னை எங்கே உட்கார்ந்து எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது.

31 டிசம்பர், புதன்

சுபத்ரா மறுபடி கூப்பிட்டார். ஓட்டக்காரர் ஒருவரைக் காட்டில் விட்டுவந்தது யார் பொறுப்பு என்று வனத்துறையிலிருந்து எழுதிக் கேட்டிருக்கிறார்களாம். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் இனி மலையில் போட்டி கிடையாது. சென்னியப்பன் தன் பெயரைக் கொடுத்துவிட்டார். ஞாயிறு அடிவாரக் கூட்டத்தில் தலைவர் பொறுப்பிலிருந்து விலகி, இனி எந்தப் போட்டியிலும் வேலை செய்வதில்லை என்று அறிவிக்கப் போகிறாராம்.

"சார், அவருக்கு இந்தக் குழுதான் எல்லாமேன்னு உங்களுக்குத் தெரியும்" என்றார். பிறகு, "உங்களுக்கு ஏதாச்சும் சொல்லணும்னா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்றார்.

எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றேன். அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதம் பிடிக்கவில்லை. அவருக்கு ஏதோ தெரியும், அல்லது தெரியாமலேயே கொக்கி போடுகிறார்.

அவர் விலகினால் நல்லதுதான். அடுத்த தலைவராவது படித்தவராக இருக்கட்டும்.

1 ஜனவரி, வியாழன்

விடியுமுன் விழிப்பு வந்துவிட்டது. ஹாரன் சத்தம் எதுவும் இல்லை. புது வருடப் பட்டாசுதான்.

2 ஜனவரி, வெள்ளி

சென்னியப்பன் வீட்டுக்கு வந்தார். இடது கால் கணுக்காலில் பட்டை கட்டியிருந்தார். படியில் என்னைப் போலவே பக்கவாட்டாக ஏறினார். வசுமதி காபி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கதவுக்குப் பின்னால்தான் நின்றிருப்பாள்.

கொஞ்ச நேரம் எவர்சில்வர் விலையைப் பற்றிப் பேசினார். பிறகு மஞ்சப் பையிலிருந்து என் தொப்பியை எடுத்து டீப்பாய்மேல் வைத்தார். துவைத்து, இஸ்திரி போட்டிருந்தது. தொப்பிக்கு யாராவது இஸ்திரி போடுவார்களா?

"பாறைக்குப் பின்னாடி கெடந்துச்சுங்க வாத்தியாரே."

ஓடையில் விழுந்திருக்கும் என்றேன்.

"பாறைக்குப் பின்னாடிதாங்க. திரும்பி வரும்போதுதான் பாத்தேன். மொதல்ல போகும்போது, நான் அந்தப் பக்கம் நின்னுதான் விசில் ஊதுனேன்." காபியை ஆற்றினார். "பத்தடி இருக்குமா?"

தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"மயக்கம்போட்டுக் கெடந்தீங்களோன்னு அன்னைக்கு நெனச்சு நெனச்சு புதர் புதராத் தேடுனேங்க. அப்பறம் மிட்டாய்க் காயிதத்தப் பாத்தேன். மயக்கத்துல இருக்கறவன் கடல மிட்டாய் திங்கமாட்டானே." சிரித்தார். "யாருகிட்டயும் சொல்லலீங்க. உங்களுக்கு என்னைப் பாக்கப் புடிக்கல. அது நமக்குள்ள. ஊருக்கு எதுக்கு?"

அதற்காக நீங்கள் ஏன் விலக வேண்டும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வாலுன்னா பின்னாடி ஆள் இருக்கக் கூடாதுங்களே. இருந்தீங்கல்ல? எண்ணிப் பாக்காம அவுத்தது நாந்தான?"

போகும்போது வாசலில் நின்று, இந்த வருட இலக்கு என்ன என்று கேட்டார். இன்னும் யோசிக்கவில்லை என்றேன். "யோசிங்க. தலைவரா இல்லாட்டியும் டீ குடிக்க வருவேன். டம்ளர் தூக்க நானிருக்கேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். ஒவ்வொரு படியாக.

இந்த ஆள் என்னிடமிருந்து என்ன எதிர்பார்க்கிறார்? இன்றைக்கு முழுவதும் அதையேதான் யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததுதான் பயமாக இருக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றைக் கேட்பவனைச் சமாளிக்கலாம். ஒன்றுமே கேட்காமல் இஸ்திரி போட்டுக் கொடுப்பவனை என்ன செய்வது?

3 ஜனவரி, சனி

நாளை காலை அடிவாரத்தில் கூட்டம். இந்தக் குறிப்புகளை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன்.

குழுவின் இணையப் பக்கத்தில் பெயர் காட்டாமல் பதிவிட வசதி உண்டு. மதியம் உட்கார்ந்து எல்லாவற்றையும் தட்டச்சு செய்தேன். முதலில் பாறையும் விசிலும் வருகிற வரிகளை விட்டுவிட்டேன். விட்ட பிறகு மிஞ்சுவது ஒரே ஒரு செய்தி: வால் ஆளை விட்டுவிட்டுப் போனது. அதை அவரே ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. அவர் சொன்னதை நான் திருப்பிச் சொன்னால் அவருடைய பெருந்தன்மைக்கு நானே டம்ளர் தூக்கியதாக ஆகிவிடும். என் பழியைத் தோளில் போட்டுக்கொண்டு வருடம் முழுக்க அவர் என் முன்னால் நொண்டிக்கொண்டு நடப்பார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. என் பொருளை வேறு எவனும் சுமக்க வேண்டாம்.

அதனால் பாறையைத் திரும்பச் சேர்த்தேன். பிறகு விசில், ஆரஞ்சுச் சட்டை, கிழித்த துணி, பெட்டிக்கடை அம்மா சொன்னது, தொப்பி, கடலை மிட்டாய் எல்லாவற்றையும் சேர்த்தேன். தேதியைக்கூட மாற்றவில்லை. படிப்பவர்கள் படித்துக்கொள்ளட்டும். வனத்துறைக்கு வேண்டுமானால் இதையே நகல் எடுத்துக் கொடுக்கட்டும்.

வசுமதி காபி கொண்டுவந்தாள். நின்றபடியே திரையைப் படித்தாள். நெடுநேரம் படித்தாள். ட்ரெட்மில் டெஸ்ட் இடத்தில் ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

"பேர் போடலீங்களா?" என்றாள்.

இல்லை என்றேன்.

"இதப் படிச்சா யாருன்னு ஒரு கொழந்தைக்குக்கூடத் தெரிஞ்சுருமே. அப்பறம் பேர மட்டும் எதுக்கு ஒளிக்கிறீங்க?"

தெரிந்தால் தெரியட்டும். அது அவர்கள் கண்டுபிடிப்பது. பெயரை நானே போட்டால் அது மன்னிப்புக் கேட்டதுபோல் ஆகிவிடும். அப்படி ஒரு பேச்சுக்கு நான் இடம் கொடுக்கப் போவதில்லை.

பெயர் இல்லாமல்தான் போடுகிறேன்.